இடைவேளைக்கு முன் கதவு திறக்காது

இடைவேளைக்கு இன்னும் இரண்டு பாட்டு இருந்தபோது, மகன் தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டிவியில் மேடை நிறையச் சலவைக்காரிகள். அதட்டுகிற முதலாளியை எதிர்த்து, ஈரத் துணியைப் பலகையில் ஓங்கி அடித்துக்கொண்டே பாடினார்கள். எங்கேயோ, என்றைக்கோ நடந்த இசை நாடகம். யாரோ புண்ணியவான் அதை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறான்.

பின்னாலேயே மருமகளும் வந்தாள். கையில் பெரிய பெட்டி. காலிப் பெட்டி என்பது அவள் தூக்கிய விதத்திலேயே தெரிந்தது.

விஷயம் எனக்குத் தெரியாததல்ல. மாதக்கணக்காக இந்தப் பேச்சு ஓடுகிறது. அம்மா தனியாக இருந்து இருந்து ஒரு மாதிரி ஆகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் நல்ல புடவை கட்டிக்கொள்கிறாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இருட்டில் உட்காருகிறாள். டிவியைப் பார்த்துக் கைதட்டுகிறாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை வேறு போட்டு வைக்கிறாள். சிரித்துப் பேசும் சத்தம்கூடக் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி அவர்களுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

அதனால் என்னைத் தங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிறார்களாம். ஒரேயடியாக. சமையலறைக்குப் பின்னால் எனக்கென்று ஒரு அறை. அதில் டிவி கிடையாது. மனசு அமைதியாக இருக்கட்டுமே என்றுதான்.

எனக்கா மனசு சரியில்லை?

இந்த ஊர்ப் பெரிய நாடக அரங்கில் வாழ்நாள் முழுக்க வாசல் பார்த்தவள் நான். டிக்கெட்டைக் கிழித்து, டார்ச் அடித்து, ஆளை இருக்கையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். வேலை அதுதான். எத்தனை நாடகம் வந்து போயிருக்கும்! ஒவ்வொரு பாட்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பாடினவர்களின் மூஞ்சி ஒன்றுகூடத் தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமல் இந்தப் பக்கம் நான் நிற்பேன். வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல்.

இப்போதுதான் பார்க்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு. இன்றைக்கு இவர்களிடம் அசந்துவிட்டால் என் ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வளவுதான்.

மகன் டிவிக்கு முன்னால் வந்து நின்றான். நிறுத்தி வைத்துவிட்டுப் பேசலாமே, படம் எங்கே ஓடியா போய்விடும் என்றான். மேடையில் பாடுகிறவளைப் பாதியில் வாயை மூடு என்பார்களா? திரை இறங்கும்வரை என் விரல் அந்தப் பொத்தான் பக்கமே போகாது. மறைக்காமல் தள்ளி நில் என்றேன்.

மருமகள் உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். என் புடவைகள் பெட்டிக்குள் போகிற சத்தம் கேட்டது. போய்ப் பிடுங்கலாமா என்று கை பரபரத்தது. ஆனால் மேடையில் சின்னப் பெண் ஒருத்தி தனியாகப் பாட ஆரம்பித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை. அடுக்கட்டும், அடுக்கட்டும்.

மகன் பெருமூச்சு விட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனான்.

“அங்க உக்காராத. ஆள் வருது.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. குழந்தையிடம் பேசுகிற குரலில், என் தோளைத் தொட்டுச் சொன்னான்.

“அப்பா இனிமே வரமாட்டாரும்மா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டு என்றாலே அவருக்குத் தலைவலி. ரேடியோவைக்கூட அடுப்படியில் வைத்து, சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்பேன். அவரைப் போய் நான் எதற்கு இதற்குக் கூப்பிடப் போகிறேன்? செத்த பிறகாவது அந்த மனுஷன் நிம்மதியாக இருக்க வேண்டாமா?

கதவு தட்டப்பட்டது. ஒரே ஒரு தட்டு.

மகன் திறக்கப் போனான். கூடாது என்று விரலை ஆட்டினேன். தாமதமாக வந்தவர்களுக்கு இடைவேளையில்தான் கதவு திறக்கும். மந்திரியே வந்து நின்றாலும் எங்கள் அரங்கில் அதுதான் சட்டம். என் வீட்டிலும் அதுதான். இவன் சாவி வைத்திருக்கப் போய்த் தப்பித்தான். முதல் வேலையாக அதைத் திருப்பி வாங்க வேண்டும்.

அவன் கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். யாரென்று கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

பாட்டு முடியட்டும் என்று சைகை காட்டினேன். வெளியே நிற்பவர் இரண்டாம் முறை தட்டவில்லை. அவருக்குச் சட்டம் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். போன வருஷம் எங்கள் கட்டட லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட என்னை வெளியே எடுத்துவிட்டவர். ஞாயிற்றுக்கிழமையும் எங்காவது யாராவது மாட்டிக்கொள்வார்கள், அதனால் எப்போதும் தாமதம்தான். எவ்வளவு தாமதமானாலும் கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வருவார்.

பாட்டு முடிந்தது. இடைவேளைக்குத் திரை இறங்கியது. உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அப்புறம்தான் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

அவர் மகனைப் பார்த்தார். உள்ளறையிலிருந்து வந்து நின்ற மருமகளைப் பார்த்தார். அவள் காலடியில் புடைத்து நின்ற பெட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. எங்கே பயணம் என்று மெதுவாகக் கேட்டார்.

“நான் எங்கயும் போகல. அடுத்த மாசம் நமக்குக் கல்யாணம் இல்லையா, உங்க துணி வைக்க இடம் வேணுமேன்னு பசங்களே வந்து அலமாரியைக் காலி பண்ணிக் குடுத்துட்டாங்க.”

மகன் அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான்.

இதை அவனிடம் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். துளிக்கூட இல்லை.