ஒன்றிலிருந்து பத்துக்குள்

"ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கப்பா. யோசிக்காம, டக்குனு!"

வேலைக்குக் கிளம்ப சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். மகள் தரையெல்லாம் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வணிகவியல் முதல் வருஷம். புள்ளியியல் புத்தகத்தைப் பார்த்து முதல் மாசம் மூக்கைச் சிந்தியவள், இப்போது வாசலில் கிடக்கிற செருப்புக்குக்கூட சராசரி எடுக்கிறாள்.

"காலங்காத்தால எதுக்கும்மா நம்பரு?"

"ப்ராக்டிகல்பா. உங்க சோப்புக் கம்பெனியில இருந்துதான் எங்க சாருக்குப் பட்டியல் வந்திருக்கு. கான்ட்ராக்ட் ஆளுங்க நானூறு பேரு. பேரெல்லாம் கிடையாது, வெறும் டோக்கன் நம்பர். அதுல நாப்பது எடுத்துக் குடுக்கணும்."

அப்பாவின் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"நாப்பதா? எதுக்காம்?"

"யாருக்குத் தெரியும்? சார்கிட்டயே சொல்லலையாம். பாரபட்சம் இல்லாம எடுத்துக் குடுத்தாப் போதும்னாங்களாம்."

அவருக்குத் தெரியும். ஒரு மாசமாக டீ இடைவேளையில் இதே பேச்சுத்தான். கான்ட்ராக்ட் ஆட்களில் நாற்பது பேரை நிரந்தரம் ஆக்கப் போகிறார்களாம். பதினோரு வருஷமாகப் பெட்டிக்குப் பட்டை கட்டுகிறார் மனுஷன். ஆறு மாசத்துக்கு ஒருமுறை கையெழுத்து, அப்புறம் அடுத்த ஆறு மாசம் வயிற்றில் நெருப்பு. நிரந்தரம் ஆகிவிட்டால் கம்பெனி ஆஸ்பத்திரி உண்டு. உள்ளறையில் கால் வீங்கிப் படுத்திருக்கிற மனைவிக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் வேண்டும் என்கிறார் டாக்டர். இப்போது ஒரு தடவைக்கே நாக்குத் தள்ளுகிறது.

"எப்படிம்மா எடுப்பே?" என்றார், ரொம்ப சாதாரணமாகக் கேட்பதுபோல.

"நானூறை நாப்பதால வகுத்தா பத்து. முதல் பத்துக்குள்ள ஏதாவது ஒரு நம்பர். அங்கிருந்து பத்துப் பத்தாத் தாண்டிக்கிட்டே போகணும். மூணுன்னா மூணு, பதிமூணு, இருபத்திமூணு... கடைசி வரைக்கும் அப்படித்தான். முதல் நம்பர் மட்டும் குருட்டாம்போக்குல வரணும்."

"அதுக்குச் சீட்டுக் குலுக்க வேண்டியதுதானே?"

"சார் அப்படித்தான் சொன்னாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா. இன்னைக்கு நீங்கதான் என் சீட்டு! ஆமா, உங்க டோக்கனும் இதுல இருக்கணுமே. எத்தனை?"

"அது உனக்குத் தெரிஞ்சா மனசு ஒரு பக்கமாச் சாயும். வேண்டாம்."

"அட, எங்க சார் தோத்தாரு போங்க!"

அவர் சிரிக்கவில்லை. டோக்கன் நம்பர் இருநூற்று முப்பத்தாறு. கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் தராசு. தண்ணீர்க் குழாய் வரிசையில்கூட ஒருத்தரை முந்தியதில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு இன்றைக்கு நாக்கு நுனியில் ஒரு எண் வந்து நிற்கிறது. உள்ளேயிருந்து மனைவி இருமுகிற சத்தம் கேட்டது.

"ஆறு" என்றார்.

"யோசிக்காமத்தானே சொன்னீங்க?"

"யோசிக்கவே இல்லம்மா."

அவள் மளமளவென்று எழுத ஆரம்பித்தாள். ஆறு, பதினாறு, இருபத்தாறு... பேனா இருநூறைத் தாண்டும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. பெற்ற மகள் பாடத்தில் கை வைத்துவிட்டோமே என்று இருந்தது. அதோடு சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்?

கிளம்பும்போது மனைவியின் தலைமாட்டில் போய் நின்றார்.

"இன்னும் ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ. அப்புறம் எல்லாம் சரியாயிடும்."

"என்ன, லாட்டரி கிட்டரி விழுந்திருக்கா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்."

அந்த வாரம் முழுக்கப் பக்கத்து மிஷின்காரனை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவன் நம்பர் ஒன்பதில் முடிகிறது. அவனும் எட்டு வருஷமாகக் காத்திருக்கிறவன், மூன்று குழந்தைகள். 'உன் வாயில மண்ணைப் போட்டுட்டேன்டா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பட்டை கட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை கேட் ஓரத்தில் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலே ஆங்கிலத்தில் நாலைந்து வரி, கீழே எண்கள். அவருக்கு ஆங்கிலம் ஓடாது, எண் ஓடும். விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். இருநூற்றுப் பதினாறு. இருநூற்று இருபத்தாறு. இருநூற்று முப்பத்தாறு! இன்னொரு தடவை பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"உங்க நம்பர் இருக்காண்ணே?" என்று மெல்லக் கேட்டார் காவலாளி.

"இருக்கு தம்பி, இருக்கு!"

"அப்ப கார்டைக் கழட்டிக் குடுங்க."

கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி, சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

"நிரந்தரக் கார்டு எப்ப தம்பி தருவாங்க? இன்னைக்கேவா?"

காவலாளி அவர் முகத்தைப் பார்க்காமல் அட்டையைக் காலடியில் இருந்த பெட்டிக்குள் போட்டார்.

"நிரந்தரமா? யாருண்ணே சொன்னது? ஆர்டர் படுத்துப்போச்சுன்னு நாப்பது பேரை இன்னையோட நிறுத்தறாங்க. யாரையும் குத்தம் சொல்லாதீங்க, எதோ காலேஜ் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு எடுத்த நம்பராம்."