ஒற்றைச் சக்கரத்துக்கு பிரேக்

"என் புள்ளை கையை ஒடைச்சிட்டியேடி!" ஜைத்தூன் பீவியின் குரல் கார் கம்பெனி ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது.

அவள் மகன் அல்தாப், கட்டுப் போட்ட வலது மணிக்கட்டைத் தாங்கியபடி நசுங்கிய காரையே பார்த்துக்கொண்டு நின்றான். காரை ஓட்டிய அவன் மனைவி அப்ரினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தலைதான் நிமிரவே இல்லை.

முந்தின நாள் மழை. லாரிகள் சிந்திய களிமண்ணால் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை வளைவு வழவழவென்று கிடந்தது. கார் சாலையை விட்டு இறங்கி, அடுக்கி வைத்திருந்த ஊறுகாய் ஜாடிகள்மேல் மோதியது.

அடுத்த வாரம் அல்தாப் குவைத்துக்குத் திரும்புகிறான். அதன்பிறகு மகளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகத்தான் அப்ரின் கார் ஓட்டக் கற்றிருந்தாள்.

"வளைவுல வழுக்காதுன்னு சொல்லித்தானே வித்தீங்க?" ஜைத்தூன் பீவி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு ஒரு சிஸ்டம் இருக்குதும்மா," என்றாள் சூப்பர்வைசர் கயல்விழி. "ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்குது, வண்டி நெசமா எந்தப் பக்கம் போவுது, ரெண்டையும் பார்த்துக்கிட்டே இருக்கும். திரும்பாம நேரா வழுக்குனா, வளைவுக்கு உள்பக்கம் இருக்குற பின்சக்கரத்துக்கு மட்டும் தானா பிரேக் போடும். மாட்டுவண்டியில ஒரு மாட்டை மட்டும் இழுத்துப் புடிச்சா வண்டி அந்தப் பக்கம் திரும்பும் இல்ல? அதே மாதிரிதான். அப்ப அடியில கரகரன்னு சத்தம் வரும். வந்துச்சா?"

"வந்துச்சுக்கா," என்றாள் அப்ரின். "வண்டியும் திரும்ப ஆரம்பிச்சுது."

"அப்புறம் எப்படி வெளிய போச்சு? ஸ்டீயரிங்கை எங்க திருப்புறோமோ, அங்கதான் அது வண்டியைக் கொண்டுபோவப் பாக்கும்."

அப்ரின் தயங்கினாள். "சத்தத்துல பயந்துபோயி... எதிர்ப்பக்கம் ஒடிச்சுட்டேன்."

"கேட்டியாடா? இவளை நம்பி என் பேத்தியை அனுப்பணுமாம்! நீ பிளேன் ஏறுறதுக்குள்ள வண்டியை வித்துடு."

அல்தாப் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கோவப்படாதீங்கண்ணே," என்றாள் கயல்விழி. "புதுசா ஓட்டுறவங்க அந்தச் சத்தத்துக்கு மெரளத்தான் செய்வாங்க."

அப்ரின் சாவியை அவனிடம் நீட்டினாள். "இந்தாங்க. இனிமே தொட மாட்டேன்."

அவன் அதை வாங்கவில்லை. அவள் விரல்களைச் சாவியின் மேலேயே மடித்து மூடினான்.

"அம்மா... பக்கத்து சீட்டுலேர்ந்து ஸ்டீயரிங்கைப் புடிச்சு இழுத்தது நான்."