கண்ணாடிக் கிண்ணம்

சர்வதேசப் பம்ப் கண்காட்சியில் எதிர் ஸ்டாலில் நிற்கிற என் சகலையைச் சுற்றி ஒரே வெளிநாட்டுக்காரர்கள். என் ஸ்டாலில் ஈ காக்கா இல்லை. வெள்ளை விளக்கில் அவர் பல்லுக்குக்கூடப் புதுப் பளபளப்பு. நேராகவே இருக்கும் கையேடுகளை நான் மறுபடி நேராக்குகிறேன். "அக்கா வீட்டுக்காரர் ஸ்டால்ல செம கூட்டமாமே?" என்று நேற்றே போனில் கேட்டுவிட்டாள் என் மனைவி. வருகிறவர்கள் விசிட்டிங் கார்டு போடும் கண்ணாடிக் கிண்ணம் அவர் மேசையில் நிரம்பி வழிகிறது. என்னுடையதில் ஏழெட்டுக் கார்டுகள் குப்புறக் கிடக்கின்றன. அவர் சிரித்துக்கொண்டே என் ஸ்டாலுக்கு வருகிறார். "சகலை, எங்க கிண்ணத்துல இடமில்ல. உங்களதைக் கொஞ்சம் கொடுங்களேன்." நான் வாய் திறப்பதற்குள் எடுத்து என் மேசையில் கொட்டுகிறார். எல்லாவற்றிலும் என் பெயர். காலையில் நானே போட்டவை. அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது. யாரும் பார்ப்பதற்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, குப்புறத் திருப்பி, மறுபடி கிண்ணத்தில் வைக்கிறார்.