ஐந்தடிக் கிடங்கு

பொலிஸ் ஜீப் காணிக்குள் ஏறி நின்றபோது, பக்கத்து வீட்டு றேமண்ட் மதிலில் முழங்கையை ஊன்றி, ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

பொலிசுக்குச் சொன்னது யார் என்று நாகேந்திரத்துக்கு அப்போதே விளங்கிவிட்டது. நேற்றும் இவன்தான் எட்டிப் பார்த்து, "எத்தன அடி அண்ணே தோண்டுறீங்க?" என்று கிண்டிக் கிண்டிக் கேட்டவன்.

வெள்ளவத்தையில் பதினொரு வருஷம் வாடகைக்கு இருந்து, மிச்சம் பிடித்து, வத்தளையில் வாங்கிய எட்டுப் பேர்ச் காணி. வடக்கில் சண்டை உச்சத்தில் நிற்கிறது. சாவகச்சேரி அடையாள அட்டை வைத்திருக்கிற மனிதர், வீடு கட்டவென்று நாலு பக்கமும் ஐந்தடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிவிட்டு நடுவில் நிற்கிறார். ஒரு சின்ன விசாரணை என்று போன அவருடைய மச்சான் எட்டு மாதம் கழித்துத்தான் வீடு திரும்பினார்.

"ரெண்டடி போதும் எண்டு நான் சொன்னனான்," என்று பக்கத்தில் நின்ற இஞ்சினியர் சிவபாதசுந்தரத்திடம் பல்லைக் கடித்தார் நாகேந்திரம். "எங்கட ஊரில ரெண்டடி கிண்டினாக் கல்லு. நீர்தான் அஞ்சடி கிண்ட வைச்சீர். இப்ப பாரும், புதைக்க ஆக்கள் வந்திட்டினம்."

"அது கல்லு, ஐயா. இது களிமண். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். மேல நிக்கிற வீட்டைக் கேட்டுச் செய்யாது."

"அதை அவருக்குச் சொல்லும்."

இன்ஸ்பெக்டர் இறங்கினார். கிடங்கை ஒருதரம் பார்த்தார், நாகேந்திரத்தை ஒருதரம் பார்த்தார்.

"மே மொகத, பங்கர் எகக்த?"

இது என்ன, பதுங்கு குழியா என்ற அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நாகேந்திரம் இஞ்சினியரைப் பார்த்தார்.

இஞ்சினியர் தன் மண் பரிசோதனை றிப்போர்ட்டை விரித்துச் சிங்களத்தில் விளக்கினார். களியை எடுத்துவிட்டுக் கிரவல் மண் போட்டு, படை படையாக இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் கம்பி கட்டிய கொங்கிறீற். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழக் கூடாது. வீட்டைச் சுற்றி நாலடிக்குச் சீமெந்துத் தளம். சுவருக்குக் கிட்ட மரம், வாழை ஒன்றும் ஆகாது.

"வாழையுமா?" இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது.

ராகமையில் அவர் கட்டிய வீட்டுச் சுவர், வெயில் காலம் வந்தால் விரல் போகிற அளவுக்கு வெடிக்கிறதாம். கண்ணூறு என்று மனைவி இரண்டு தரம் தேசிக்காய் வெட்டுவித்தாயிற்று. குசினிச் சுவரோடு வாழைப்பற்றை ஒன்றும் இருக்கிறதாம்.

"மழை பெய்ததும் வெடிப்பு மூடுதா?" என்று கேட்டார் இஞ்சினியர்.

"மூடுது."

"அப்ப தேசிக்காய் வேலை செய்திட்டுது எண்டு நினைச்சிருப்பீங்கள்."

இன்ஸ்பெக்டர் முறைப்பாடு எழுதக் கொண்டுவந்த கொப்பியில், வாழையை எத்தனை அடி தள்ளி நட வேண்டும் என்று குறித்துக்கொண்டார். போகும்போதுதான் நினைவு வந்தவராக, 'வீட்டு அத்திவாரம், நேரில் பார்த்தாயிற்று' என்று அதன் கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஜீப் சந்தியில் திரும்பி மறைந்தது. பயம் இறங்கின இடத்தில் கோபம் ஏற, நாகேந்திரம் மதிலடிக்குப் போனார்.

"ஐசே றேமண்ட், பொலிசுக்குச் சொன்னது நீர்தானே?"

"ஆமா அண்ணே, நான்தான்."

கொஞ்சமும் கூசாமல் சொன்னான். நாகேந்திரம் இதை எதிர்பார்க்கவில்லை.

"அயலுக்குள்ள இருந்துகொண்டு இந்த வேலை பார்க்க, உமக்கு வெக்கமா இல்லையோ?"

றேமண்ட் கோப்பையை மதிலில் வைத்தான்.

"உங்க கிடங்கப் பத்திச் சந்திக் கடையில, பங்கர்னு ஆர்மி காம்புக்குப் பெட்டிசம் எழுதிக்கிட்டு இருந்தாங்க. அதான் முந்திக்கிட்டு நான் பொலிசுக்குப் போனேன். காலையில பத்து மணிக்கு வாங்க, இஞ்சினியரும் இருப்பாருன்னு சொன்னேன். இனி எவன் எழுதினாலும் பொலிஸ் கொப்பியில இருக்கு."

"ஆர்மி வந்தாலும் இந்த றிப்போர்ட்டைக் காட்டியிருக்கலாம்தானே?" என்றார் நாகேந்திரம்.

"காம்ப்காரங்க ராவுலதான் வருவாங்க, அண்ணே. அவங்க றிப்போர்ட் வாசிக்கிறதில்ல."