ரிப்பன் வரும்வரை

முதுகுக்குப் பின்னால் வண்ணக் காகிதம் சரசரத்தது.

அவள் திரும்பவில்லை.

உனக்கு ஒரு பரிசு சுற்றுகிறேன், கட்ட ரிப்பன் எடுக்க மறந்துவிட்டேன் என்றாள் வகுப்புக்குப் புதிதாக வந்த அக்கா. நான் வந்து சொல்லும்வரை சுவரைப் பார்த்தே உட்கார்ந்திரு, திரும்பக் கூடாது.

மறதியெல்லாம் சும்மா. அக்கா உளவியல் படிப்பவள். பிள்ளைகளின் பொறுமையை அளக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். கதவுக்கு வெளியே நின்று நேரம் பார்த்தாள்.

மூன்று நிமிடம்.

மூன்றாம் வகுப்பு முப்பிடாதிக்கு அது மூன்று வருடம். கேள்வி முடியுமுன்பே பதில் சொல்லி, அதையும் தப்பாகச் சொல்கிறவள் அவள். இவளை விட்டுவிடுங்கள், அரை நிமிடம் தாங்க மாட்டாள் என்று ரெஜினா டீச்சர் அவள் காதுபடவே சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டார்.

டீச்சர் போனது அவளுக்குத் தெரியாது.

ஒரு நிமிடம். கால் தானாக ஆடியது. இரண்டு கையாலும் தொடையை அமுக்கிக்கொண்டாள்.

இரண்டு நிமிடம். இன்னும் இருக்கிறாள். வெளியே அக்கா கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

பார்த்து அப்போதுதானா இடைவேளை மணி அடிக்க வேண்டும்?

பின்பக்க ஜன்னல் முழுக்க முகங்கள்.

"ஏட்டி முப்பிடாதி, கலர் பென்சில்ட்டி. திரும்பிப் பாரு."

அவள் இரு காதிலும் விரலை விட்டு அடைத்தாள். போதவில்லை. கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

மூன்று நிமிடம் முடிந்தது. அக்கா உள்ளே ஓடிவந்து, திரும்பலாம் என்றாள். கேட்டால்தானே? இன்னும் சத்தமாகச் சொன்னாள். ஜன்னலும் சேர்ந்து கத்தியது. விரல் இன்னும் உள்ளே போனது.

நான்கு நிமிடம். ஐந்து.

கூச்சல் கேட்டு ரெஜினா டீச்சர் விறுவிறுவென்று வந்தார். யார் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பெயரைச் சொல்லி அதட்டிக்கொண்டேதான் நுழைந்தார்.

நுழைந்தவர் நின்றுவிட்டார். இத்தனை பேர் கத்துகிறார்கள், அவள் ஒருத்திதான் அமைதியாக இருக்கிறாள்.

டீச்சர் கிட்டே போய், அவள் காதிலிருந்து ஒரு விரலை மெல்ல எடுத்தார்.

அவள் கையை உதறி மறுபடியும் அடைத்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கவில்லை.

"போங்கட்டி. டீச்சர் பாத்துக்கிட்டே இருக்காவ. நான் திரும்ப மாட்டேன்."

ஜன்னலிலிருந்து முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

ரெஜினா டீச்சர் சுவருக்கும் அவளுக்கும் நடுவே இருந்த இடத்தில், வெறும் தரையில் உட்கார்ந்தார்.

அவளாகக் கண் திறக்கட்டும் என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.