207-ஆம் எண் பொய்

“பூமியிலேயே முதல் தடவையா, யார்கிட்டயும் பொய் சொல்லாத ஒரு கம்ப்யூட்டர் வரப்போகுது. அது நம்ம ஆபீஸ்லேர்ந்து வருது. தேதியைக் குறிச்சு வெச்சுக்குங்க!”

இதைக் கேட்டுக்கொண்டிருந்தது டெஸ்டிங் அக்காவும் ஒரு மேஜை விசிறியும்தான். விசிறி ‘இல்லை, இல்லை’ என்று இரண்டு பக்கமும் தலையாட்டியது.

சொன்னவனுக்கு ஆபீஸில் ‘சத்தியம்’ என்று பட்டப்பெயர். வெள்ளிக்கிழமை வெளியாகப்போகும் புது ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அவன்தான் தலைமை. அந்த நினைப்பு அவன் நடையிலேயே தெரியும்; லிஃப்ட்கூட அவனுக்காகக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும்.

அக்காவிடம் ஒரு பட்டியல் இருந்தது. பழைய கேம்கள் சில, புது சிஸ்டத்தைக் கண்டால் மிரண்டு ஓட மறுக்கும். அப்போது சிஸ்டம் அதன் காதில், ‘பயப்படாதே, இது உன் பழைய சிஸ்டம்தான்’ என்று ஒரு பொய் சொல்லும். கேமும் நம்பி ஓடும். இப்படிப் பொய் சொல்ல வேண்டிய கேம்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவ்வளவையும் அழித்துவிடத்தான் சத்தியம் வந்திருந்தான். உத்தரவுத் தாளும் கையோடு வந்திருந்தது.

“எல்லாத்தையும் காப்பாத்த முடியாதுன்னு தெரியும் தம்பி. 207 மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் அக்கா.

“ஒரே ஒரு பொய் இருந்தாலும் அது பொய்ப் பட்டியல்தான்க்கா. இருந்தா மொத்தமும் இருக்கணும், போனா மொத்தமும் போகணும். அதுல அப்படி என்ன இருக்கு?”

அக்கா ஒரு சிடியை எடுத்தார். அதன் பெயர் மேல் ‘207’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெயரைப் பார்த்தால் பாசம் வந்துவிடும் என்று எல்லா கேமுக்கும் இப்படி எண் ஒட்டுவது அந்தப் பிரிவின் வழக்கம்.

பொய்யை நிறுத்திவிட்டு ஓட்டினார். கேம் திறக்கவில்லை. ஒரு கட்டம் மட்டும் வந்தது:

‘உங்கள் கணினி மிகவும் பழையது. புதியது வாங்கி வரவும்.’

சத்தியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இன்னும் பிறக்கவே இல்லக்கா இந்த சிஸ்டம்! அதைப் போய்க் கிழவிங்குது!”

“பழைய சிஸ்டம் அஞ்சு புள்ளி ஒண்ணு. அப்புறம் வந்தது ஆறு புள்ளி சைபர், நம்மது ஏழு புள்ளி சைபர். எழுதின பையன் புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறதை மட்டும்தான் பார்த்திருக்கான். ஒண்ணைவிட சைபர் சின்னது. அதனால நம்மது பழசு.”

“எந்த மகானுபாவன்க்கா அவன்? அவனுக்கெல்லாம் யாரு டிகிரி குடுத்தது? என்கிட்ட விட்டிருந்தா அந்தக் காலேஜையே இழுத்து மூடியிருப்பேன்!”

“அப்படிச் சொல்லாதீங்க. கெட்டிக்காரப் பையன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.”

“ஓஹோ. உங்க பையனா?”

“பையன் மாதிரி.”

“சரி, எத்தனை பேர் இதை ஆடறாங்க?”

“ஒருத்தர்.”

“ஒருத்தர்! ஒருத்தருக்காகக் கோடி கம்ப்யூட்டர்ல பொய்யா? யாருக்கா அந்த ஜமீன்தார்?” அவன் கை 207-இன் கோப்புக்குப் போனது.

அக்கா சட்டென்று அதன் மேல் கையை வைத்தார். “வேண்டாம் தம்பி. ரகசியமா இருக்கட்டும்னு எழுதியிருக்கார்.”

“உண்மைக்கு எதுக்குக்கா ரகசியம்?” உருவியெடுத்தான். நீல மையில் டைப் அடித்த மாதிரி குண்டு குண்டான எழுத்தில் இரண்டு பக்கம். ஆறு வருடத்துக்கு முந்தைய கடிதம். மேடையில் நிற்பவன் போல ஏற்ற இறக்கத்தோடு படித்தான்.

“‘ஐயா, வணக்கம். இத்துடன் உள்ள விளையாட்டை எழுதியது என் மகன். தினமும் காலை நடை முடிந்ததும் ஓர் ஆட்டம் ஆடுவது என் வழக்கம். புதுக் கணினியில் அது ஓடவில்லை. அவனிடமே கேட்கலாம். ஆனால் அவன் எழுதியதில் தப்பே வராது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அவனிடமும் அதையேதான் சொல்லி வருகிறேன். ஆகவே தயவுசெய்து அவனுக்குத் தெரியாமல்...’ ஐயோ பாவம், பெத்த மனசு! பையன் லட்சணம் தெரியாம...”

பக்கத்தைத் திருப்பினான்.

இரண்டாம் பக்கத்தை அவன் சத்தமாகப் படிக்கவில்லை. ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். பழைய மடிப்பு கலையாமல் மடித்துக் கோப்பில் வைத்தான்.

பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். 207-க்கு எதிரே, ஏழு புள்ளி சைபருக்கான பொய்யைத் தன் கையாலேயே அடித்துச் சேர்த்தான். கேமை மறுபடி ஓட்டி, அது திறக்கும்வரை பொறுமையாகப் பார்த்தான். உத்தரவுத் தாளை நாலாகக் கிழித்தான்.

“மொத்தப் பட்டியலும் இருக்கட்டும்க்கா.”

“அப்போ பொய்?”

“அது பொய் இல்லக்கா. மரியாதை.”

“சரி. அந்த மகானுபாவன்?”

“சின்ன வயசு. ஒரு புள்ளியில சறுக்கிட்டான். மத்தபடி கேம் பிரமாதமா எழுதியிருக்கான்.” காலரைச் சரிசெய்துகொண்டான்.

அக்கா கோப்பை மூடி உள்ளே வைத்தார். கடிதத்தின் அடியில் இருந்த அந்தக் கையெழுத்து சத்தியத்துக்கு அத்துப்படி. எட்டாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில், அப்பாவுக்குத் தெரியாமல், அவனே அதை நாலு தடவை போட்டிருக்கிறான்.