காட்டிக் கொடுத்த நாய்

பண்ணைக்கு நீளமயிர் வேட்டைநாய் ஒன்று புதிதாக வந்தது. மறுநாளே அங்கிருந்த கோழியின் குஞ்சு ஒன்று, தென்னங்கன்று நட வெட்டிய குழிக்குள் விழுந்துவிட்டது. கோழி ஓடிவந்தபோது, நாய் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, மூக்கைக் குழிக்கு நேராக நீட்டியபடி சிலையாக நின்றது.

“குஞ்சு இங்கேதான் இருக்கு,” என்றது நாய்.

“அது எனக்கும் தெரியுது. தூக்கிவிடேன்.”

“வேட்டையில இரை இருக்கிற இடத்தைக் காட்டுறதுதான் எங்க இன நாய்ங்க வேலை. மிச்சத்தை எசமான் வந்து பார்ப்பார்.”

“வாய்க்கால் தண்ணி உள்ளே இறங்குதுப்பா. வாலையாவது தொங்கவிடு, பிடிச்சு ஏறிக்கும்.”

“காட்டும்போது அசையக் கூடாது.”

பொறுமையிழந்த கோழி அதன் மூக்கில் ஓங்கிக் கொத்தியது. நாய் துள்ளித் திரும்பி உட்கார, மயிரடர்ந்த வால் குழிக்குள் தொங்கியது. குஞ்சு அதைப் பற்றி ஏறி வந்துவிட்டது.

சாயங்காலம் நாய் மாடுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது: “குஞ்சைக் கண்டுபிடிச்சதே நான்தான். அந்தக் கோழிக்குத்தான் நன்றியே இல்லை.”

அது காதில் விழுந்த கோழி, குஞ்சைக் கூட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது.